ரேவாவும் ஒரு பிளக் பாயிண்ட்டும்

2000-களில் பெங்களூரில் இருந்தவர்களுக்கு அந்தக் காரைக் கட்டாயம் ஞாபகம் இருக்கும். இரண்டே கதவு. பிளாஸ்டிக் உடம்பு. சத்தமே இல்லாமல் சிக்னலில் நம் பக்கத்தில் வந்து நிற்கும். முன்னால் இரண்டு பெரியவர்கள் உட்காரலாம், பின்னால் இரண்டு குழந்தைகளைத் திணிக்கலாம். ஆட்டோக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெயர் ரேவா.

இப்போது எலெக்ட்ரிக் காரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. "வாங்கலாமா சார், கட்டுப்படியாகுமா?" என்றுதான் கேட்கிறார்கள். பேங்க் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது, அதுவும் வெளியூரிலிருந்து வந்து இங்கே குடும்பம் நடத்துகிற நம்மவர்களிடமிருந்து. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியை இதே ஊர் இருபது வருஷத்துக்கு முன்பே கேட்டுப் பார்த்துவிட்டது. அந்தக் கதையைச் சொன்னால் பாதிப் பதில் தானாகவே வந்துவிடும்.

ரேவா நமக்கு இரண்டு கேள்விகளை விட்டுவிட்டுப் போனது. ஒன்று, பேட்டரிக்கு யார், எப்போது பணம் கட்டுவது? இரண்டு, கார் நிற்கும் இடத்தில் இருக்கும் பிளக் யாருடையது? முதல் கேள்விக்கு இன்று பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது அப்படியே நிற்கிறது. நம்மைப் போல வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

ரேவா வந்த கதை

ஓசூர் ரோட்டில் ஊருக்குப் பஸ் ஏறிப் போகிறவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் பொம்மசந்திரா என்ற தொழிற்பேட்டையைப் பார்த்திருப்பீர்கள். ரேவா பிறந்தது அங்கேதான்.

பெங்களூரின் மைனி குழுமம் கார்களுக்கும் மற்ற இயந்திரங்களுக்கும் உதிரி பாகங்கள் செய்யும் குடும்ப நிறுவனம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை சேத்தன் மைனி அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தார். அங்கே மாணவர்கள் செய்த சூரிய சக்திக் கார் 1990-ல் அமெரிக்கப் போட்டியில் முதலிடம் பெற்றது. அந்தக் குழுவில் இவரும் ஒருவர். பிறகு ஸ்டான்ஃபோர்டில் மேல்படிப்பு.

அதே 1990-ல் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. பெரிய கார் கம்பெனிகள் விற்கும் கார்களில் ஒரு பங்கு புகையே விடாத காராக இருக்க வேண்டும் என்று. அந்தச் சூட்டில் அங்கே நிறைய சின்னக் கம்பெனிகள் முளைத்தன. அவற்றில் ஒன்று அமெரிகான். மைனி குழுமமும் அமெரிகானும் கூட்டுச் சேர்ந்து 1994-ல் ரேவா எலெக்ட்ரிக் கார் கம்பெனியைத் தொடங்கின. கார் கடைக்கு வந்தது 2001-ல். ரேவா என்பது சேத்தன் மைனியின் அம்மா பெயர்.

இந்தியாவில் இதற்கு முன்பும் ஒரு முயற்சி நடந்தது. 1993-ல் 'லவ்பேர்ட்' என்று ஒரு இரண்டு பேர் கார் வந்தது. எட்டி கரன்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவா கம்பெனியின் துணையோடு செய்தது. சாலக்குடியிலும் நம்ம கோயம்புத்தூரிலும் அதற்குத் தொழிற்சாலை. டெல்லி கண்காட்சியில் கூட்டம் கூடியது, விற்பனை கூடவில்லை. ரேவா அப்படிப் போகவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, கடைசியில் உலகம் முழுக்கச் சுமார் நாலாயிரம் கார் விற்றது. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அந்தக் காலத்தில் எலெக்ட்ரிக் கார் விற்ற பெரிய கம்பெனிகளில் சிலவும் அதைவிடக் குறைவாகத்தான் விற்றிருந்தன.

நாற்பது பைசா கணக்கு

ரேவாவின் பெரிய விளம்பரமே கிலோமீட்டருக்கு 40 பைசா என்பதுதான். பொய்யா என்றால் பொய் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சீட்டுக்குக் கீழே எட்டு பேட்டரி. ஒவ்வொன்றும் 6 வோல்ட், 200 ஆம்பியர் அவர். மொத்தம் 48 வோல்ட், 9.6 யூனிட் கொள்ளளவு. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்குமே ட்யூபுலர் பேட்டரி, அதன் சொந்தக்காரன்தான். வழக்கமான 150 ஆம்பியர் அவர் இன்வெர்ட்டர் பேட்டரி 1.8 யூனிட் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் ஐந்துக்கும் மேற்பட்ட இன்வெர்ட்டர் பேட்டரிகளைச் சுமந்துகொண்டு ஓடிய கார் அது.

சார்ஜ் செய்ய வீட்டில் கீசருக்கு இருக்கும் 15 ஆம்பியர் பிளக் போதும். இரண்டரை மணி நேரத்தில் 80 சதவீதம், எட்டு மணி நேரத்தில் முழுசாக நிறையும் என்று கம்பெனி சொன்னது. ஒரு முழு சார்ஜுக்குச் சுமார் 9 யூனிட், 80 கிலோமீட்டர் ஓடும். யூனிட் மூன்றரை ரூபாய் என்று வைத்தால் 31 ரூபாய் சொச்சம். 80-ஆல் வகுத்தால் 40 பைசா. கணக்குச் சரி.

அந்தக் கணக்கில் வராத ஒன்று உண்டு. அதுதான் பேட்டரித் தேய்மானம். லெட் ஆசிட் பேட்டரி பற்றி இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். அடிமட்டம் வரை இறக்கினால் கெட்டுவிடும். மூன்று நாலு வருஷத்தில் மாற்ற வேண்டும். ரேவாவிலும் இதே கதைதான்.

ஒரு பேச்சுக்கு, எட்டு பேட்டரி மாற்ற 75,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர், மூன்று வருஷம். 75,000-ஐ 30,000-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். கரெண்டுச் செலவைவிட ஆறு மடங்கு! இரண்டையும் கூட்டினால் 2 ரூபாய் 90 பைசா. அப்போது பெட்ரோல் லிட்டர் 30 ரூபாயை ஒட்டி இருந்தது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் மாருதி 800-க்கு எரிபொருள் செலவு இரண்டு ரூபாய்தான்.

காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், பேட்டரி என்பது முன்பணம் கட்டி வாங்கிய பெட்ரோல். கார் வாங்கும் அன்றே அடுத்த மூன்று வருஷத்துப் பெட்ரோலையும் மொத்தமாக வாங்கிச் சீட்டுக்குக் கீழே வைத்துவிடுகிறோம். தினமும் நம் கண்ணில் படுவது கரெண்டு பில் மட்டும்தான், அதனால் மலிவாகத் தெரிகிறது. தேய்மானத்தைக் கணக்கில் எழுதாத கடைக்காரர் லாபம் வருகிறது என்று நினைப்பது மாதிரி.

கடன் கொடுப்பவருக்கும் இதே சிக்கல்தான். கார் லோன் என்றால் கார்தான் அடமானம். பேட்டரி முடியும் தறுவாயில் இருக்கும் பழைய காரை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள்? விற்க முடியாத பொருளை நம்பி எந்தப் பேங்கும் தாராளமாகக் கடன் கொடுக்காது.

போர்டிகோ வைத்திருந்தவர் கார்

அப்படியானால் ரேவாவை வாங்கியது யார்? பெரும்பாலும் வீட்டில் ஏற்கனவே ஒரு பெட்ரோல் கார் வைத்திருந்தவர்கள். பழைய பெங்களூர்க் குடியிருப்புகளில் சொந்த வீடு, வாசலில் கேட், உள்ளே போர்டிகோ, அங்கே ஒரு பிளக். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட, காய்கறி வாங்க, ஆபீஸ் போய் வர. சாயங்காலம் வந்ததும் ஒயரைச் செருகிவிட்டால் மறுநாளைக்குத் தயார்.

அந்த வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தவர்தான் நம் ஆள். அவருக்குக் கார் நிறுத்தத் தெரு, செருகப் பிளக் இல்லை. மாடியிலிருந்து ஒயர் தொங்கவிட்டால் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? ரேவாவின் விலை மூன்று லட்சத்துக்கு முன்னே பின்னே. அந்தப் பணத்தை அவர் கடன் வாங்கியாவது கட்டியிருக்கலாம். போர்டிகோவை எங்கே போய்க் கடன் வாங்குவது?

ஊருக்குப் போகும் கதையும் உண்டு. ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர். ஓசூர் போய்த் திரும்பி வந்துவிடலாம். கிருஷ்ணகிரி போக வேண்டுமென்றால் சூளகிரி தாண்டி எங்காவது நடுவழியில் நிற்க வேண்டியதுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போகாத கார் நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு வேண்டும், சொல்லுங்கள்!

லண்டனில் ஏன் ஓடியது?

ரேவாவின் வாழ்க்கையில் விசித்திரமான திருப்பம் இது. பெங்களூரில் தடுமாறிய கார் லண்டனில் பிரபலமானது. லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு 'ஜி-விஸ்' என்றால் தெரிந்திருக்கும். அதே ரேவாதான், பெயர் மட்டும் வேறு. ஆயிரத்துக்கு மேல் அங்கே விற்றது.

காரணம் பெட்ரோல் விலை என்று நினைத்தால் தப்பு. 2003 பிப்ரவரி 17 முதல் மத்திய லண்டனுக்குள் வார நாட்களில் கார் ஓட்டினால் ஒரு நாளைக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் என்று கொண்டுவந்தார்கள். 2005-ல் அது 8 பவுண்டு ஆனது. எலெக்ட்ரிக் காருக்கு இது கிடையாது. சில பகுதிகளில் பார்க்கிங்கும் இலவசம். மாதம் 20 நாள் ஆபீஸ் போகிறவருக்கு 5 பவுண்டு கணக்கிலேயே 100 பவுண்டு மிச்சம். பேட்டரித் தேய்மானத்தை அந்த மிச்சம் தாங்கிக்கொண்டது.

அங்கேயும் எல்லோருக்கும் வீட்டு வாசலில் பிளக் இல்லை. தெருவில் கார் நிறுத்துகிறவர்களுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் 2006-லேயே தெருவோரம் சார்ஜ் கம்பங்களை நட்டார்கள். அதாவது இரண்டு கேள்விக்கும் அந்த ஊர் நிர்வாகமே பதில் சொன்னது. சலுகை என்றைக்கும் நிற்காது என்பதும் உண்மைதான். அந்த முழு விலக்கு 2025 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் தொடக்கத்தில் தூக்கிவிட ஒரு கை தேவைப்பட்டது, கிடைத்தது.

ஐரோப்பாவில் ரேவாவைக் கார் என்றே பதிவு செய்யவில்லை. நாலு சக்கரக் குவாட்ரிசைக்கிள் என்ற வகையில் வந்ததால் காருக்கான மோதல் சோதனைகள் அதற்குக் கட்டாயமில்லை. 2007-ல் ஒரு டிவி நிகழ்ச்சிக்காக அதை மோதவிட்டுப் பார்த்தார்கள், முடிவு நன்றாக இல்லை. மலிவுக்கு அதுவும் ஒரு விலை.

பேட்டரியை வாடகைக்கு விட்டால்?

2010 மே மாதம் மகிந்திரா நிறுவனம் ரேவாவின் 55.2 சதவீதப் பங்கை வாங்கியது. 2013 மார்ச்சில் லித்தியம் பேட்டரியோடு இ2ஓ என்ற கார் வந்தது. 100 கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் தீர்ந்து நடுவழியில் நின்றால் மொபைல் மூலம் சேமிப்பில் இருக்கும் கொஞ்சம் சார்ஜைத் திறந்துவிட்டு வீடு வந்து சேரலாம். நல்ல யோசனை. ஆனால் விலை? மானியம் கொடுத்த டெல்லியில் சுமார் ஆறு லட்சம், பெங்களூரில் அதற்கும் மேல். அந்தப் பணத்துக்கு அப்போது நாலு கதவு பெட்ரோல் கார் தாராளமாகக் கிடைத்தது.

விற்பனை நகராததால் அடுத்த வருஷமே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். காரை மட்டும் வாங்குங்கள், பேட்டரிக்கு மாதா மாதம் ஒரு தொகை கட்டுங்கள். முன்பணப் பெட்ரோலைத் தவணைப் பெட்ரோலாக மாற்றும் வித்தை.

இதுவும் புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரின் மின்சாரக் கம்பெனி 1910 முதல் 1924 வரை இதைச் செய்திருக்கிறது. எலெக்ட்ரிக் லாரியைப் பேட்டரி இல்லாமல் வாங்கலாம். பேட்டரி மின்சாரக் கம்பெனியுடையது. ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். தீர்ந்த பேட்டரியைக் கழற்றி நிறைந்ததை மாட்டிக்கொடுப்பார்கள். 2024 செப்டம்பரில் எம்ஜி நிறுவனம் விண்ட்ஸர் காரை 9.99 லட்சத்துக்குக் கொடுத்து, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று அறிவித்தபோது பலரும் புதுமை என்றார்கள். தாத்தா காலத்து யோசனைதான். சேத்தன் மைனியும் 2017-ல் சன் மொபிலிட்டி என்று பேட்டரி மாற்றித் தரும் நிறுவனத்தை இதே பெங்களூரில் தொடங்கினார். ரேவாவில் எது இடித்தது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்!

இ2ஓவுக்குப் பிறகு நாலு கதவு வைத்து இ2ஓ ப்ளஸ் 2016-ல் வந்தது. 2019 வாக்கில் அதுவும் நின்றது. ரேவா பரம்பரை அத்தோடு முடிந்தது.

முதல் கேள்விக்குக் கிடைத்த விடை

ரேவா முடிந்த நேரத்தில்தான் காலம் மாறியது. லித்தியம் பேட்டரியின் விலை 2010-ல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல். 2024-ல் உலக சராசரி 115 டாலர். பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. இன்றைய கார்களுக்குப் பேட்டரி வாரண்டி எட்டு வருஷம், 1,60,000 கிலோமீட்டர் என்பது சகஜம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பர்ஸைத் திறக்கும் கவலை போயிற்று.

அரசாங்கமும் பங்குக்குக் கை கொடுத்தது. 2019 ஆகஸ்ட் முதல் எலெக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. கார் லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு தரும் 80இஇபி பிரிவு, 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதித்த கடன்களுக்கு மட்டும். இப்போது புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது. விற்பனையாளர் யாராவது இதைச் சொல்லி விற்கப் பார்த்தால் தேதியைக் கேளுங்கள்.

இப்போது இன்றைய கணக்கு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம். சின்ன எலெக்ட்ரிக் காருக்கு, சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, 150 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் 6 ரூபாய் என்றால் 900 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் என்றால் 67 லிட்டர், லிட்டர் 103 ரூபாய் கணக்கில் சுமார் 6,900. மாதம் 6,000 மிச்சம்.

அதே அளவு பெட்ரோல் காரைவிட எலெக்ட்ரிக் கார் மூன்றரை லட்சம் அதிகம் என்று வைப்போம். அந்த மூன்றரை லட்சத்தையும் 9 சதவீத வட்டிக்கு ஏழு வருஷக் கடனாக வாங்கினால் கூடுதல் இஎம்ஐ சுமார் 5,630. மிச்சமாகும் 6,000 அதைக் கட்டிவிடும். ஏழு வருஷத்துக்குப் பிறகு வருவது லாபம். ரேவாவால் முடியாதது இது.

மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் மிச்சம் 2,400 மட்டும். இஎம்ஐயில் பாதியைக்கூடத் தொடாது. மெட்ரோவில் ஆபீஸ் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுக்கிறவர்கள் பணம் மிச்சம் என்று சொல்லி எலெக்ட்ரிக் கார் வாங்க வேண்டாம். புகை வேண்டாம், சத்தம் வேண்டாம் என்று வாங்கினால் அது வேறு நியாயம்.

இரண்டாவது கேள்வி: பிளக் யாருடையது?

மேலே போட்ட கணக்கு முழுவதும் ஒரு அனுமானத்தில் நிற்கிறது. வீட்டிலேயே 6 ரூபாய்க்குச் சார்ஜ் செய்கிறோம் என்பது அது. வீட்டில் பிளக் இல்லாமல் வெளியில் சார்ஜ் செய்தால்? யூனிட் 20 ரூபாய் என்று வைப்போம். 150 யூனிட்டுக்கு 3,000. மிச்சம் 6,000-லிருந்து 3,900 ஆகிவிடும். இஎம்ஐயோ 5,630.

வித்தியாசம் மாதம் 2,100 ரூபாய். எட்டு வருஷத்தில் இரண்டு லட்சம். பார்க்கிங்கில் இருக்கும் ஒரு சாதாரணப் பிளக் பாயிண்ட்டின் விலை இதுதான். வீடு மாறும்போது அதைக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? சார்ஜ் செய்து கொடுப்பது மின்சார விற்பனை ஆகாது, லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. வீட்டிலும் ஆபீஸிலும் இருக்கும் கனெக்ஷனிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று 2022 ஜனவரி வழிகாட்டுதல் சொன்னது. புதுக் கட்டடங்களில் பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று 2019-ல் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தினார்கள். எலெக்ட்ரிக் வாகனத்துக்கென்று தனிக் கொள்கையை 2017-லேயே, நாட்டில் முதலாவதாக, அறிவித்தது கர்நாடகம்தான். காகிதத்தில் குறை இல்லை.

நடைமுறையில் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கூட்டத்தில் வரும் கேள்வி வேறு. "சார், உங்க காருக்கு எங்க காமன் மீட்டர்லேர்ந்து கரெண்டா?" நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சப் மீட்டர் அல்லது உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே பார்க்கிங் வரை தனி ஒயர். ஏழாவது மாடிக்காரருக்கு பேஸ்மெண்ட் வரை ஒயர் இழுக்க ஆகும் செலவும் சின்னதில்லை. சொந்த ஃபிளாட் என்றால் செய்துவிடலாம். வாடகைக்கு இருப்பவர் பதினோரு மாத அக்ரிமெண்ட்டில் இருந்துகொண்டு வேறொருவர் சுவரில் காசு போட வேண்டும். 2001-ல் மாடி வீட்டில் இருந்தவரின் நிலைமை 2020-களில் ஃபிளாட் வடிவத்தில் தொடர்கிறது.

அதனால் கார் ஷோரூமுக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில:

முதலில் வீட்டுக்காரர், அசோசியேஷன் இருவரிடமும் எழுத்தில் சம்மதம். புதிதாக வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்கும்போதே பார்க்கிங்கில் பிளக் உண்டா, எந்த மீட்டரில் என்றும் கேட்டுவிடலாம். அக்ரிமெண்ட்டில் ஒரு வரி சேர்ப்பது இன்னும் நல்லது.

அடுத்தது சாங்ஷன் லோடு. 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் செய்தால் சுமார் 3 கிலோவாட் இழுக்கும். 30 யூனிட் பேட்டரிக்கு இரவு பத்து மணி நேரம். 7 கிலோவாட் பெட்டி மாட்டினால் வேகம், ஆனால் லோடு போதாது என்றால் பெஸ்காமில் விண்ணப்பித்து உயர்த்த வேண்டும். மாத நிலைக்கட்டணமும் கிலோவாட் கணக்கில் ஏறும். தினமும் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு 15 ஆம்பியரே தாராளம்.

மூன்றாவது எர்த். மணிக்கணக்கில் முழு லோடு இழுக்கும் வேலை இது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. நல்ல எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த், ஒயர் கனம், தனி எம்சிபி, ஆர்சிசிபி எல்லாம் பார்த்துவிடுங்கள். ஒயர் சுடுகிறது என்றால் நிறுத்திவிட வேண்டும்.

நாலாவது, பலர் மறந்துவிடுவது. 2023-ல் கர்நாடகத்தில் வந்த கிருஹஜோதி இலவச மின்சாரம். மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் மொத்த பில்லையும் கட்ட வேண்டும். 120 யூனிட் இலவசமாக எரித்த குடும்பம் காருக்கு 150 சேர்த்தால் 270. கார் பங்கு 900 இல்லை, முழு 1,620 ரூபாயும் காரால் வந்த செலவுதான். ஊரில் பெற்றோர் வீட்டில் வைத்து ஓட்ட நினைப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடும். காருக்கு மட்டுமே இரண்டு மாதத்துக்கு 300 போகும்.

ஊர்ப் பயணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரேவா தாண்டாத கிருஷ்ணகிரியை இன்றைய கார் திரும்பிப் பார்க்காமல் தாண்டும். ஓசூரிலிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் சார்ஜர்கள் வந்துவிட்டன. திருநெல்வேலி வரை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், சின்ன பேட்டரி என்றால் வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். சாதாரண நாளில் காபி குடிக்கும் நேரம்தான். பொங்கல், தீபாவளிக்கு முதல் நாள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதே சாலையில் கிளம்புவோம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம் :-)

பேட்டரி செலவு பற்றிய கேள்வியை விஞ்ஞானிகளும் தொழிற்சாலைகளும் தீர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பிளக் பற்றிய கேள்வியை அவர்களால் தீர்க்க முடியாது. வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் அசோசியேஷன் செக்ரட்டரியும் ஒரு மேசையில் உட்கார்ந்து தீர்க்க வேண்டியது அது. உங்கள் அபார்ட்மெண்ட்டில் அடுத்த பொதுக்குழுக் கூட்டம் எப்போது என்று பாருங்கள். கார் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் போய் உட்கார்ந்து, பார்க்கிங்குக்குப் பொதுவாக ஒயர் இழுத்து வீட்டுக்கு ஒரு சப் மீட்டர் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பத்து பேர் சேர்ந்து செய்தால் ஆளுக்கு ஆகும் செலவு வெகுவாகக் குறையும். நீங்கள் காலி செய்துவிட்டுப் போனாலும், அடுத்து குடிவரும் குடும்பத்துக்கு அது உதவும்.